ரிங்கிட்டா, ரூபாயா?

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் சென்னைக்குப் போய்வந்தவள்.

“எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்குற இருபது வருஷ சண்டையில, கார்டு மெஷின்தான்க்கா என்னை ஜெயிக்க வெச்சுச்சு.”

“என்னடி சொல்ற?”

“ஒரே கடை, ஒரே விலையில ரெண்டு பட்டு. அவரு கார்டுல ஒண்ணு, என் கார்டுல ஒண்ணு. ரிங்கிட்டா ரூபாயானு மெஷின் கேட்டுச்சு. நம்ம மலேசியக் காசுதானேனு அவரு ரிங்கிட்ட அமுக்கினாரு. நான் ரூபாய அமுக்கினேன். ‘இவளுக்கு ஒண்ணும் தெரியாது’னு கடைக்காரன்கிட்டயே சொல்லிச் சிரிச்சாரு.”

“அப்புறம்?”

“நேத்து ஸ்டேட்மெண்ட் வந்துச்சு. ரிங்கிட்ட அமுக்கினா மெஷின்காரன் வெச்சதுதான்லா ரேட்டு, ரூபாய அமுக்கினா நம்ம பேங்க் ரேட்டு. அவரு எடுத்த பட்டு ரிங்கிட் கணக்குல அறுபது வெள்ளி கூட!”

“உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?”

அவள் மடியிலிருந்த கைப்பையைத் தட்டினாள்.

“அடுத்த மாசம் பேங்காக் போறோம். அவரு கார்டு இப்ப இதுக்குள்ள இருக்கு.”