காக்காவுக்கு மூன்று புள்ளி

"ஹலோ... றிபாஸ்? உம்மாவும் வாப்பாவும் உசிரோட இரிக்கணும் எண்டா எட்டுப் புள்ளி கேக்குதுடா இது. எட்டு. மொத்தமாக் கையில தந்ததே இருபது. அதுல எட்டப் புடிச்சா மிச்சத்துல நான் என்னத்த வாங்கிற?... ஓம், ஓம், வஅலைக்குமுஸ்ஸலாம்... ஓம், காக்காதான் கதைக்கிறன். வேற ஆரு இந்த நேரம் ஒனக்கு எடுக்கிற?"

வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டிய கல்முனை பஸார் இன்னும் திறக்கவில்லை. ஸப்ரி தன் சாரன் துணிக்கடைக்குள், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், பில் போடும் கொம்பியூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு மலை, ஒரு கோட்டை, கோட்டைக்கு மேலே நெருப்புக் கக்கும் பறவைநாகம். நடுவில் ஒரு வெற்று மனிதன். அவனுக்கு முகம் இருந்தது. பெற்றவர் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. புள்ளி கொடுத்து அவனுக்கு ஒரு பூர்வீகத்தை வாங்கிக் கொடுத்தால்தான் விளையாட்டு திறக்கும்.

ஸப்ரிக்கு வயது நாற்பத்திரண்டு. ஆயுளில் எந்த விளையாட்டையும் விளையாடாதவன். ஆனால் கட்டாரில் இருக்கும் தம்பி, அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடும் றிபாஸ், ஒன்றரை மாதமாக அவன் போனை எடுக்கவில்லை. பெருநாள் வாழ்த்து அனுப்பியும் பதில் இல்லை. உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒரு பொய் எழுதியும் பதில் இல்லை. கடைசியாக, றிபாஸ் அறையில் கிடந்து விளையாடுகிற விளையாட்டு எது என்று விசாரித்து, அதைக் கடைக் கொம்பியூட்டரில் ஏற்றி, முதல் திரையைப் படம் பிடித்து, 'இதுல எதடா எடுக்கிற?' என்று நேற்று அனுப்பினான். நாலு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது, ஜும்ஆவுக்குப் பிறகு எடுக்கச் சொல்லி.

"கேக்குதா? ... சரி, சொல்லு. 'பிறப்பு' எண்டு மேல நாலு பெட்டி கிடக்கு. பிரபு மகன் பன்ரெண்டு. யாவாரி மகன் ஆறு. குடியானவன் மகன் ரெண்டு. அனாதைப் பொடியன் எண்டா நாம ஒண்டும் குடுக்கத் தேவல்ல, அவன்தான் நமக்கு நாலு தாறானாம்... ஆ? ... ஓம், பிரபு வேணாம். பிரபுவுக்குப் பொறந்தவனும் கடைசில சாரனுக்கு விலைக்கழிவு கேக்கிறவன்தான்... யாவாரி மகன எடுக்கட்டா? ... ஏன் வேணாம்? ... நாக்கு மட்டும்தான் கூராகுமா? வாள் வராதா? ... அது மெய்தான். நம்மட வாப்பாவும் வாளொண்டும் வெச்சிட்டு மௌத்தாகல்ல."

ஸப்ரி காதை போனோடு அழுத்தினான்.

"சிரிச்ச, என்ன? ... இல்ல, எனக்குக் கேட்டிச்சி. சிரி, சிரி. காசா பணமா."

ஒன்றரை மாதத்தில் கிடைத்த முதல் சிரிப்பு. வாடிக்கையாளன் சிரித்த உடனே விலையைச் சொல்லக் கூடாது என்பது ஸப்ரிக்குத் தெரியும். இன்னும் இரண்டு உருப்படியை விரித்துக் காட்ட வேண்டும். விரித்தான்.

"ஊரும் தெரிவு செய்யணுமாம். மலைநாடு ஒண்டு. காடு ஒண்டு. கரையோரப் பட்டினம் நாலு புள்ளி. கடலப் பாக்கிறதுக்கும் காசு கேக்கிறானுகள் பாரு... நீ எத எடுத்த? ... இல்ல, சும்மா கேக்கன். ... 'ஊரில்லாதவன்' எண்டு ஒண்டு கிடக்கா? எங்க? ... ஓ, கடைசில. அதுக்கு ரெண்டு புள்ளி திருப்பித் தாறான்... அதையா எடுத்த? ... சரி, சரி. புள்ளிக்காகத்தான். வெளங்குது."

ஸப்ரி பேச வந்த விஷயம் இன்னும் அவன் மடியிலேயே இருந்தது. உம்மாவுக்கு ஆண் இரண்டு, பெண் மூன்று என்று ஐந்து பிள்ளைகள். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். ஆகவே முதலில் பெண்ணுக்கு வீடு, பிறகுதான் மாப்பிள்ளை. வாப்பா கண்ணை மூடியதும், மூத்தவன் கடையைப் பார்த்துக்கொள்ள, இருபத்திரண்டு வயதில் விமானம் ஏறியவன் றிபாஸ். பதினொரு வருஷத்தில் இரண்டு தங்கச்சிமாருக்கு இரண்டு வீட்டை எழுப்பிவிட்டான். கடைக்குட்டி முஸ்பிறாவின் வீடு சுவரோடு நிற்கிறது. வருகிற மாதம் ஒப்பந்தம் முடிய, போதும், வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பொத்துவிலிலிருந்து முஸ்பிறாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது, மேலே கொங்கிரீட் தட்டுப் போட்ட வீடென்றால் மாத்திரம். இன்னும் இரண்டே இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி உம்மா அழுதழுது ஸப்ரியைக் கொண்டு எழுதுவித்தாள். அன்றோடு றிபாஸின் போன் ஊமையானது.

'இரு' என்று கேட்கச் சொல்லித்தான் இன்றைக்கும் உம்மா அனுப்பியிருந்தாள். 'வா' என்று சொல்லிவிடு என்று பள்ளிவாசலில் குத்பா உரை முடியும்வரை நெஞ்சுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. இரண்டில் எது என்று ஸப்ரி முடிவெடுக்கவில்லை. முதலில் தம்பி வாயைத் திறக்கட்டும். விலையை முந்திச் சொல்லி நட்டப்பட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

"சரி, அப்ப உம்மா வாப்பாக்கு வருவம். ஒராள எடுத்தா அஞ்சு, சோடியா எடுத்தா எட்டு. பாத்தியா, மொத்த விலை இதுலயும் கிடக்கு... நீ எடுக்கல்லயா? ... ரெண்டு பேரையும்? ... டேய், அப்ப அனாதையாடா எடுத்த? ... உம்மா உசிரோட இரிக்காடா. காலையில கூட உனக்கு மாசிக் கருவாடு இடிச்சிட்டு... இல்ல. ஓம். விளையாட்டுத்தான். ஓம், ஓம். நான் ஒண்டும் சொல்லல்ல."

அவன் மவுஸை உருட்டித் திரையைக் கீழே இறக்கினான்.

"அப்ப காக்கா? உனக்கு அதுல காக்காவும் இல்லையா? ... எங்க கிடக்கு? ... ஆ, இரிக்கி. 'மூத்த சகோதரன், மூன்று புள்ளி.' ... செலவா? வரவு இல்லையா? ... ஒரு காக்காவுக்கு ஏன்டா நாம மூண்டு புள்ளி குடுக்கணும்? ... பாதுகாப்பா. சண்டை வந்தா முன்னால நிப்பானா... அத எழுதினவன் கல்முனைப் பக்கம் வந்து என்னப் பாக்கல்ல போல."

பகிடி கடையின் துணிக்கட்டுகளில் பட்டு விழுந்தது.

"சிரிக்கல்ல நீ... இல்ல, பகிடிக்குச் சொன்னது... ஓம், சரி, வலப்பக்கம் வாறன்."

வலப்பக்கம் 'சுமைகள்' என்று ஒரு பட்டியல். எந்தச் சுமையை ஏற்றுக்கொண்டாலும் கையில் புள்ளி ஏறும். ஸப்ரி நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்படி ஒரு கடையை அவன் கண்டதில்லை.

"பழுதான சாமானுக்கு இவன்தான் காசு தாறான். நொண்டிக் கால் மூண்டு. ஒத்தக் கண் நாலு. பரம்பரைச் சாபம் அஞ்சு. மிருகப் பகை எண்டு ஒண்டுக்கு ரெண்டு. இறக்காமம் ஊரான் இதப் பாத்தா அழுவான், அவனுக்கு ஆனை சும்மா வந்து வேளாண்மைய மிதிக்கிது, ஒருத்தனும் புள்ளி குடுக்கல்ல... ஆ? ... இல்ல, கண்ணும் காலும் வேணாம். இதப் பாரு, 'காப்பாற்ற வேண்டிய தங்கை.' ஒராளுக்கு நாலு. மூண்டு பேர் வரைக்கும் எடுக்கலாமாம். ... நில்லு, நில்லு, அமத்திறன்."

மூன்று தரம் அமத்தினான். எண் ஏறியது.

"முடிஞ்சிது. மூண்டு தங்கச்சி, பன்ரெண்டு புள்ளி. காலும் போகல்ல, கண்ணும் போகல்ல, தெருவில கிடந்து எடுத்தமாதிரிப் பன்ரெண்டு. இப்ப உம்மா, வாப்பா, வாள், குதிரை எல்லாம் வாங்கலாம். எப்பிடி யாவாரம்? ...

... ஹலோ? ... றிபாஸ்? ... இரிக்கியா?"

எதை வாங்கினேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஸப்ரியின் காதுக்கே எட்டியது.

"... இல்லடா. நான் அத நெனச்சிச் சொல்லல்ல. வலப்பக்கம் கிடந்திச்சி, அமத்தினன். ... ஓம். ... ஓம், நாலு புள்ளிதான் போட்டிரிக்கான். ... எத்தின வரிசம் எண்டு அதுல எழுதல்ல, ஓம். ... விடட்டா? மூண்டு பேரையும் எடுத்துப்போடட்டா? ... ஏலாதா? எடுத்தா எடுத்ததுதானா? ... ம். ... ம்."

மவுஸிலிருந்து கையை எடுத்தான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"முஸ்பிறா சுகம். ... ஓம், பொத்துவில் ஆக்கள் திரும்பவும் வந்தாங்க. ... நல்ல பொடியன், பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறான். ... சுவரோடதான் நிக்கிது. மழைக்குப் பாசி புடிச்சிட்டு. ... ஓம். ... நீ சொல்லு. ... இல்ல, நீ சொல்லு முதல். ... என்னட்ட என்ன கிடக்கு சொல்ல, வெயில்ல நிக்கிறவன் நீ. நீ என்ன நெனச்சிருக்கிற எண்டு சொல்லு, கேப்பம்."

இதே 'நீங்களே சொல்லுங்க'வை வைத்து அவன் எத்தனையோ மொத்த யாவாரிகளை உருட்டியிருக்கிறான். தம்பியும் உருண்டான்.

"... புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டியா? எப்ப? ... புதனா. ... கொம்பனிக்குக் குடுத்திட்டியா? ... இன்னும் இல்ல. பையில கிடக்கு. ... ஞாயிறு குடுக்கணும். ... சரி. அப்ப ரெண்டு வரிசம். ... என்ன? ... மூண்டா? ... உம்மா ரெண்டுதானே கேட்டா. மூண்டாவது ஆருக்கு? உனக்கா? அது நல்லம், உனக்கும் ஒரு பொண்ணு பாப்பம், நானே சொல்ல... இல்லையா? ... அப்ப ஆருக்கு?

... எந்த நுஸ்ஹா?"

ஸப்ரிக்கு ஒரே மகள். ஒன்பது வயது. பெயர் நுஸ்ஹா.

"... என்ட நுஸ்ஹாவா? ... டேய், அவள் நாலாம் ஆண்டுடா. விழுந்த பல்லு இன்னும் மொளைக்கல்ல. அவளுக்கு இப்ப என்னத்துக்கு ஊடு? ... அத்திவாரம் மட்டுமா. ... ஓம், சீமெந்து விலை ஏறும்தான். ... ஓம். ... நான் கடைய வெச்சி ஒண்டும் கட்ட மாட்டன் எண்டு உனக்கு... இல்ல, நீ அப்பிடிச் சொல்லல்ல. ஓம். நீ அப்பிடிச் சொல்லல்ல."

இப்போது ஒரு சொல் போதும். கடதாசி இன்னும் பையில்தான் கிடக்கிறது, வெள்ளியும் சனியும் நடுவில் கிடக்கின்றன. கிழித்துப் போட்டுவிட்டு வா என்றால் அவன் வருவான். அந்தச் சொல்லுக்காகத்தான் போனையே எடுத்தானோ என்னவோ. ஆனால் கேட்டதற்கு மேலே ஒருவன் அள்ளி வைத்தால், யாவாரி வாயைத் திறப்பதில்லை. அவன் மனம் மாறுவதற்குள் பொருளைச் சுற்றிக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவான். வாப்பாவின் கடையில் ஸப்ரி முதலில் பழகியதே அதைத்தான். அவன் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"தம்பி... ... ஒண்டுமில்ல. சாப்பிட்டியா? ... என்ன கறி? ... ஓம். ... றிபாஸ், அந்தக் கடதாசி... ஞாயிறு... ... இல்ல, பத்திரமா வெச்சிக்க எண்டுதான் சொன்னன்."

சொன்ன வாயை அவன் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"... விளையாட்டா? ஓம், இது இன்னும் நிண்டு கேக்குது, பேர் போடணுமாம். உன்ட பேரப் போடவா? ... ஏன்? ... நல்ல பேர்தானே அது. ... ஹலோ? அங்க ஆரு கூப்பிர்ற? ... வேன் வந்திட்டா? வெள்ளியும் வேலையா உனக்கு? ... எத்தின நாளா? ... நீ சொல்லவே இல்லையே. ... ஓம், நாங்க கேக்கல்ல, ஓம். ... சரி, போ, போ, அவனுகள் விட்டுட்டுப் போயிருவானுகள். ... றிபாஸ், நில்லு. கொஞ்சம் நில்லு. நான் ஒண்டு சொல்லணும், கேக்குதா? நீ அந்தக் கடதாசிய..."

லைன் போய்விட்டது.

திரும்ப எடுக்கலாம். ஸப்ரியின் விரல் தம்பியின் பெயருக்கு மேல் வந்து நின்றது, அங்கேயே நின்றது, பிறகு மேசைக்கு இறங்கியது. வெளியே பக்கத்துக் கடை ஷட்டரை யாரோ தூக்கினார்கள், பஸார் திறந்துகொண்டிருந்தது.

பில் போட்டுப் போட்டுப் பழகிய மனது தானாகவே கூட்டியது. றிபாஸ் பக்கம்: வீடு மூன்று, அத்திவாரம் ஒன்று, வருஷம் பதினான்கு. ஸப்ரி பக்கம்: எடுத்த அழைப்பு நாற்பத்தொன்று, பேசியது இருபத்து மூன்று நிமிஷம், 'வா' என்ற சொல் பூச்சியம்.