நான்கு அட்டையும் நவம்பரில்

தலைமை ஏற்றுத் தகைமையோடு வீற்றிருக்கும் தலைமையாசிரியர் உமாதேவி அம்மையார் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வரிசையில் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே, பழம் பறித்த கையோடு பந்தலுக்குள் நுழைந்திருக்கும் தாய்மார்களே, தரையில் அமர்ந்து தலையாட்டும் தங்கக் குஞ்சுகளே, உங்கள் அனைவருக்கும் சுருளிப்பட்டித் திராட்சை விவசாயி வீரணனின் வணக்கம்.

இந்த வட்டாரத்தில் என்னை அறியாதவர் உண்டா? எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் நான். ஒரு முறை படித்தவனைவிட மூன்று மடங்கு அறிவு என்பது கணக்கு. பின்வரிசையிலிருந்து பால்பாண்டி கேட்கிறார், "மூணு தடவையும் பெயிலா மாமா?" என்று. வாத்தியார்களுக்கு என்னைப் பிரிய மனமில்லை மாப்பிள்ளை. உட்காருங்கள்.

அப்பேர்ப்பட்ட என்னைத்தான் சென்ற நவம்பர் மாதம் இந்தப் பள்ளியின் பருவப் போட்டிக்கு நடுவராக அழைத்தார்கள். விளையாட்டுப் பெட்டியை மதுரையில் வாங்கி வந்தவனும் நான்தான். கடைக்காரர் என்னைக் கல்லூரிப் பேராசிரியர் என்றே நினைத்துவிட்டார். பெட்டிக்குள் பன்னிரண்டு மாதமும் எழுதிய சக்கரம் ஒன்று, திராட்சைக் கொடி வரைந்த அட்டை நான்கு. மொட்டைக் கொடி, தளிர்க் கொடி, காய்க் கொடி, கனிக் கொடி. எது எந்த மாதமோ அங்கே வைக்க வேண்டும். சரியாக வைக்கும் பிள்ளைக்குத் தேனியில் நடக்கும் இயற்கை ஓவியக் கண்காட்சியில் இடம்.

நான்காம் வகுப்புக் கயல் வந்தாள். அந்தக் கண்காட்சிக்காகவே பழத்தோலில் சாயம் இறக்கி, இலையை அச்செடுத்துப் பழகிய பிள்ளை. நான்கு அட்டையையும் நவம்பரில் அடுக்கிவிட்டு நின்றாள். நான் பெட்டியோடு வந்த விடைத்தாளைப் பார்த்தேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, செப்டம்பர். போட்டேன் பூஜ்யம்.

"மாமா, உங்க தோட்டத்துலயே இப்ப நாலும் இருக்குல்ல" என்றாள்.

"ஆத்தா, அச்சடிச்சவுக தப்பாவா போடுவாக?" என்றேன்.

உமாதேவி அம்மையார்தான், "அண்ணே, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவோமே" என்றார்கள்.

போனோம். என்ன கண்டோம்? கிணற்றோரப் பந்தலில் கவாத்து முடிந்து கொடி மொட்டையாக நின்றது. வெட்டியவர் யார்? நான். அடுத்த பந்தலில் தளிர். அதை முன்கூட்டியே வெட்டியவர் யார்? நான். அதற்கடுத்துப் பச்சைக் காய், அதற்கும் அப்பால் கறுத்த கனி. ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் போக வேண்டுமென்று பந்தலுக்குப் பந்தல் நாள் தள்ளி வெட்டி, நான்கு பருவத்தையும் நாலு ஏக்கருக்குள் நிறுத்தியவன் நான். அதைப் பார்த்துச் சொன்ன பிள்ளைக்கு, எந்த நாட்டுக் கொடிக்கோ எழுதிய தாளைப் பார்த்துப் பூஜ்யம் போட்டவனும் நான்.

பெயர்ப் பட்டியல் அன்று மாலைக்குள் தேனிக்குப் போயாக வேண்டும். தீர்ப்பு தவறு என்று நடுவர் எழுதிக் கொடுத்தால்தான் கயலின் பெயர் ஏறும். ஐம்பத்தாறு வயதில் அந்தச் சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதியதே இல்லை. இரண்டு டீ குடித்தேன்.

"நீங்க எழுதலைன்னா நான் போக முடியாதுல்ல மாமா" என்றாள் கயல், சாயம் படிந்த விரலைப் பார்த்துக்கொண்டே.

எழுதினேன். என் கையெழுத்தின் அழகைக் கண்டு தேனி அதிகாரி எழுந்தே நின்றதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. கயல் போனாள். பரிசு வரவில்லை, அதற்கு நடுவர் நானில்லை.

திரும்பி வந்தவள் தோழிகளோடு செய்த புது விளையாட்டுப் பெட்டிதான் இன்று இங்கே திறக்கப்படுகிறது. ஆடிக் காற்றுக்குச் சுழலும் காற்றாடி இதில் உண்டு. மழைக்கு மழை சுருளியாறு மாறும் நிறத்தைத் தீட்டும் அட்டை உண்டு. இலை அச்சு உண்டு, விதைப் பை உண்டு. கண் கற்காதா? கை கற்காதா? காற்றும் கற்றுத் தராதா? கார்மழையும் கற்றுத் தராதா?

விடைத்தாள்தான் இதில் இல்லை. நான் எழுதித் தருகிறேன் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "வேணாம் மாமா, பிள்ளைக போயிப் பாத்துக்கிடட்டும்" என்றுவிட்டாள்.

ஆகவே பெற்றோர்களே, என் தோட்டத்துப் படல் திறந்தே கிடக்கும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நான் வாய் திறவாமல் ஓரமாக நிற்பேன். இதுவரை பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.