இரண்டு மடங்கு நொதி

காவல் நிலையத்தில், பகல் பதினொன்றரை மணிக்கு, உதவி ஆய்வாளர் முன்னிலையில், யாரும் அழைக்காமல் நானாக வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது முப்பத்து நான்கு. திருமணமானவள். ரத்தத்தில் மரபணுக் கோளாறு பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாக டெக்னீஷியன் வேலை. சுருக்கமாகச் சொல்லும்படி உதவி ஆய்வாளர் கேட்டார். அவசரப்பட்டதால்தான் இந்த வழக்கே வந்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

நேற்று முன்தினம் முதல் இங்கே பிடித்து வைத்திருப்பவர், மருத்துவமனையிலிருந்து ரத்த மாதிரி அடைத்த குழாய்களை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருபவர். எப்போதும் கையில் ஐஸ் நிரப்பிய பெட்டியோடு வருவதால் எல்லோரும் அவரை ஐஸ்பெட்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது மாதத்துக்கு முன் பிறந்த ஒரு குழந்தையின் குழாயை, அதே நாளில் பிறந்த வேறு குழந்தையின் குழாயோடு அவர் மாற்றிவிட்டார் என்பது தகப்பனார் கொடுத்த புகார். குழாய் மாறவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தக் குழந்தையின் தாய், தகப்பன் இருவர் ரத்தத்திலும் அரிவாளணு என்ற பரம்பரை ரத்த நோயின் கூறு பாதி உண்டு. அதனால் குழந்தைக்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் அனுப்பினார்கள். முடிவு வரும்வரை தினமும் தடுப்பு மருந்து கொடுக்க மருத்துவர் சொல்லியிருந்தார். நோய் இல்லை என்று நான் எழுதினேன், அதன் பிறகு மருந்தை நிறுத்தினார்கள், போன வாரம் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள், அங்கே பார்த்தபோது நோய் இருப்பது தெரிந்தது. இப்போது காய்ச்சல் இறங்கியிருக்கிறது, பால் குடிக்கிறது என்று இன்று காலை விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.

பரிசோதனை இப்படி. ரத்தத்திலிருந்து எடுத்த மரபணுத் துண்டில் ஒரு நொதியைச் சேர்ப்போம். அது மகா பிடிவாதம் பிடித்தது. தனக்கான ஒரே இடத்தைத் தேடிப்போய் அங்கே மட்டும் வெட்டும், அந்த இடத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் கை வைக்காது. நோய் இருந்தால் மாறியிருப்பது அந்த இடம்தான். ஆகவே முழுதும் வெட்டுப்பட்டால் நோய் இல்லை, வெட்டுப்படாவிட்டால் நோய் உண்டு, பாதி வெட்டுப்பட்டுப் பாதி நின்றால் கூறு உண்டு, உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

நொதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, நல்ல ரத்தம் ஒன்றையும் பக்கத்தில் வைப்போம். எங்கள் கூடத்தில் அதற்கு வேலை செய்பவர்களே ரத்தம் கொடுப்பது வழக்கம். ஆறு வருடம் எங்கள் சீனியர் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு, இந்தக் குழந்தையின் பரிசோதனைக்குத்தான் முதன்முதலாக நான் கொடுத்தேன். என்னை யாரும் பரிசோதிக்கவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய், உனக்கென்ன என்று எங்கள் கூடத்தின் பொறுப்பு டாக்டர் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். நோய் உள்ள ரத்தமும் ஒன்று வைக்க வேண்டும். அது தீர்ந்துபோயிருந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

அன்று முதல் தடவை பரிசோதித்துப் பார்த்தபோது என் ரத்தம் பாதிதான் வெட்டுப்பட்டது. என் ரத்தத்துக்கு என்ன கேடு, நொதிதான் சோம்பேறியாகிவிட்டது என்று நினைத்தேன். அதன் பிறகு நொதியை இரண்டு மடங்கு சேர்த்தேன், ஒரு மணி நேரம் வைக்க வேண்டியதை மாலை வரை வைத்தேன், அதன் பிறகு பார்த்தபோது என் ரத்தம் முழுதும் வெட்டுப்பட்டிருந்தது. குழந்தையுடையதும் வெட்டுப்பட்டிருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்த நொதி அளவு மிஞ்சினால் கண்டிப்பை விட்டுவிடும், ஏறக்குறைய தன் இடம் மாதிரி இருக்கிற இடத்தையும், அதாவது நோயால் மாறிய இடத்தையும், வெட்டும். நொதியோடு வரும் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவதே நான்தான்.

நேற்று வேலைக்கு வரும் வழியில், இந்த நிலைய வாசலில் அண்ணனின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பெட்டியில ஐஸ் கரைஞ்சா அவருக்குச் சோறு இறங்காதும்மா. அவரா மாத்தியிருப்பாரு, நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார். அதுவரை அண்ணன்மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது.

அதன் பிறகு கூடத்துக்குப் போய், உறைபெட்டியில் மீதமிருந்த அதே குழந்தையின் குழாயை எடுத்தேன், பக்கத்தில் டாக்டருடைய ரத்தத்தையும் வரவேற்பில் இருக்கும் பெண்ணின் ரத்தத்தையும் என்னுடையதையும் வைத்தேன், நொதியைச் சரியான அளவில் சேர்த்து ஒரு மணி நேரத்தில் எடுத்தேன். அவர்கள் இருவருடையதும் முழுதும் வெட்டுப்பட்டது. குழந்தையுடையது வெட்டுப்படவே இல்லை. அதாவது அண்ணன் கொண்டுவந்தது நோயுள்ள அந்தக் குழந்தையின் ரத்தமேதான். என்னுடையது பாதி வெட்டுப்பட்டுப் பாதி நின்றது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் பாதிதான். அந்தக் கூறு எனக்கும் இருக்கிறது. இது என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

இடைப்பட்ட காலத்தில் அதே இரண்டு மடங்கில் பதினொரு குழந்தைகளுக்குப் பார்த்திருக்கிறேன். நேற்றே எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அதில் இன்னொரு குழந்தைக்கும் தவறாக எழுதியிருந்தேன், அந்த வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், குழந்தை நலமாக இருக்கிறது, மருந்து தொடங்கிவிட்டார்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நொதி பழுதாக வந்ததாக எழுதிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் பாதகமில்லை என்றார். அப்படியானால் காவலில் இருக்கும் ஐஸ்பெட்டி அண்ணன் யாருமில்லையா என்று கேட்டேன்.

இன்று இங்கே வந்ததும் அண்ணனைத் தூரத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "இன்னைக்குப் பெட்டிய யாரு எடுத்துட்டுப் போனா? ஐஸ் நெறைய வச்சாங்களா?" என்று கேட்டார். வைத்தார்கள் என்று சொன்னேன். உண்மையில் இரண்டு நாளாக யாரும் எடுத்துப் போகவில்லை. இந்த வாக்குமூலத்தில் வரும் ஒரே பொய் நான் அவரிடம் சொன்னதுதான், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவரைச் சந்தேகிக்க எங்கள் எல்லோருக்கும் ஒரு நிமிடம்தான் ஆனது. என் ரத்தத்தைச் சந்தேகிக்க எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. அவரை இன்றே அனுப்பிவைக்க வேண்டும், அவர் மனைவி இன்னும் வாசலில்தான் இருக்கிறார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசித் தாளில் "நொதியின் கோளாறால் ஏற்பட்ட தவறு" என்று உதவி ஆய்வாளர் எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, "என்னால் ஏற்பட்ட தவறு" என்று என் கையாலேயே எழுதி, திருத்தத்தின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)