எட்டுச் சாவிகளைத் தேர்ந்தெடுத்த விதம்

மாண்டலினுக்குச் சுருதி கூட்டும் சாவி வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, பளபளப்பைப் பார்த்து மயங்குவது. முலாம் பூசினால் ஓட்டைத் தகரம்கூடப் பளபளக்கும். நான் பல்சக்கரத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தவன். ஒரு சக்கரத்தைக் கையில் கொடுத்தால், அதைக் கடைந்தவன் அன்று காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பதுவரை சொல்லிவிடுவேன். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்தான். ரொம்பக் கூட்டவில்லை.

ஐயா, நீங்கள் நீட்டுகிற இந்தப் போலீஸ் அறிக்கையில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. மூன்றாவது வரியில் ‘இறந்தவருக்குக் காது சரியாகக் கேட்காது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. தப்பான அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை எனக்கு. நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்காருங்கள். சாவியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

இறந்தவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். வானொலி நிலைய வாத்தியக் குழுவில் மாண்டலின் வாசித்து ஓய்வு பெற்றவர். என் மனைவி போன பிறகு, “ரெண்டு வாரம் துணைக்கு இருந்துட்டுப் போறேன் மாப்பிள்ளை” என்று ஒரு பெட்டியும் ஒரு மாண்டலினுமாக வந்து இறங்கினார். அந்த ரெண்டு வாரம் நாலு வருஷமாக நீண்டது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் வாசிப்பார். நான் எதிரில் உட்கார்ந்து கிண்டல் செய்வேன்.

“இந்த இடத்துல பூனை வால் கதவுல மாட்டிக்கிச்சா மச்சான்?”

“மிஷின் காதுக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை? கடமுடான்னு கேட்டே வளந்த காது அது.”

இப்படியே போகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் நான் சகித்துக்கொண்டிருந்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்புங்கள். இதில் கூட்டவில்லை.

போன வருஷம் அவர் மகள் எனக்கு போன் செய்தாள். அவள் இருக்கிற ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். முன்னால் உட்கார்ந்து நடத்த ஆள் தேடுகிறார்களாம். ஆறு மாதம் கழித்து அப்பா வந்து ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், பிறகு தன்னோடேயே இருந்துவிடலாம் என்றாள். “நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு மாமா. எப்படியாவது கிளப்பி விடுங்க.”

நான் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அறுபத்தொன்பது வயது மனிதர் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி முன்னறையை மூன்று சுற்று சுற்றினார். நாலாவது சுற்றில் நின்று, “இந்தச் சாவிங்க தேஞ்சு போச்சு மாப்பிள்ளை, சுருதி நிக்க மாட்டேங்குது. நல்லதா கையால செஞ்சது ஒரு செட்டு வாங்கணும். பல்சக்கரம் பார்க்க உங்களை விட்டா ஆள் ஏது?” என்றார்.

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி. ஒவ்வொரு கம்பிக்கும் தலைப்பக்கத்தில் ஒரு சாவி. சாவியைத் திருகினால் அதன் தண்டில் இருக்கிற மரை ஒரு சின்னச் சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் கம்பி சுற்றிய உருளையைத் திருப்பும், கம்பி இறுகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குள் ஒரு உலகமே இருக்கிறது.

ஐந்து பட்டறைகளிலிருந்து ஐந்து செட்டு வரவழைத்தேன். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்தேன். முதல் சோதனை சத்தம். சாவித் தகட்டைத் தாடையெலும்பில் அழுத்திக்கொண்டு திருகிப் பார்க்க வேண்டும். காதுக்குத் தப்புகிறது எலும்புக்குத் தப்பாது. மூன்று செட்டு அங்கேயே கழிந்தது. கர் கர் என்று சர்க்கரை மென்ற மாதிரி. இரண்டாவது, எத்தனைக்கு எத்தனை என்பது. நான் எடுத்தது பதினாறுக்கு ஒன்று. சாவி பதினாறு சுற்று சுற்றினால்தான் உருளை ஒரு சுற்று சுற்றும். மயிரிழையை நாலாகப் பிளந்து அதில் ஒன்றளவு சுருதியை இறக்கலாம். மூன்றாவதுதான் பெரிய விஷயம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே லூசு இருக்கக் கூடாது. லூசு இருந்தால், கால் சுற்று இறக்கிவிட்டு அதே கால் சுற்று ஏற்றினாலும் கம்பி பழைய இடத்துக்கு வராது. லூசு இல்லாவிட்டால் ஊசி முனை பிசகாமல் வந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் தேறியது ஒரு செட்டு. ஒரு அம்மா தனியாக, வருஷத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ செட்டுதான் செய்கிறவர். எறும்பு தும்மினால் அந்தச் சாவியைவிட அதிகமாகச் சத்தம் போடும். ஒரே ஒரு மாற்றம் கேட்டு எழுதினேன். பிடி சின்னதாக, ஒற்றை விரலால் தள்ளினாலே திரும்புகிற மாதிரி வேண்டும் என்று. அந்த அம்மா பதில் எழுதினார்: ‘வாசிக்கிறவங்க யாரும் இப்படிக் கேட்டதில்லையே. ரெண்டு விரல்ல பிடிச்சுத் திருகுறதுதான் அவங்களுக்கு வசதி.’ மூட்டு வலி உள்ளவர் என்று பதில் போட்டேன். மச்சானுக்கு மூட்டு வலி கிடையாது.

அப்போதே எண்ணம் இருந்ததா என்று கேட்பீர்கள். விரலுக்கு இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

சாவி பூட்டிய முதல் வாரம் மச்சான் பூரித்துப் போனார். “வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி இருக்கு மாப்பிள்ளை” என்றார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், சுருதி கூட்டி வைத்துவிட்டு டீ எடுத்து வர உள்ளே போனார். நான் மாண்டலினைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். நகர்த்தும்போது ஒற்றை விரலால் ஒரு சாவியைத் தள்ளினேன். திரும்பி வந்து வாசித்தவர் முகத்தைச் சுளித்தார்.

“இறங்கியிருக்கே.”

“இல்லையே மச்சான். சரியாத்தான் இருக்கு.”

“இருங்க, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வரேன்.” சுருதி காட்டுகிற சின்ன மின்பெட்டி ஒன்று அவரிடம் உண்டு. பெட்டியை எடுக்க அவர் எழுந்து போனார். நான் சாவியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சுருதி சுத்தம்.

இங்கேதான் சாவியின் தரம் வேலை செய்கிறது, ஐயா. மட்டமான சாவியாக இருந்தால் அவர் சாவியைத்தான் திட்டியிருப்பார். உலகத்திலேயே உசத்தியான சாவி, அதுவும் நானே தாடையெலும்பில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. அதன் மேல் பழி போட முடியுமா? மிச்சம் இருப்பது காது ஒன்றுதான்.

வாரத்துக்கு இரண்டு தடவை செய்தேன். அளவு மீறவில்லை. இரண்டு மாதத்தில் அவர் மகளுக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். “அத்தனை பேர் முன்னால அசிங்கப்படணுமா மாப்பிள்ளை?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் கண் கலங்கியது. அன்று அவருக்குப் பிடித்த பிஸ்கட்டை வாங்கி வந்து வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அவர் டாக்டரிடம் போனார். காதைச் சோதித்த டாக்டர் வயதுக்கு மீறி நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது, தருகிறேன், உங்கள் மூன்றாவது வரியை அடித்துவிடலாம். மச்சான் அந்தச் சீட்டோடு துள்ளிக்கொண்டு வந்தார். நான் நிதானமாகப் படித்துவிட்டு, “அப்போ காதுல ஒண்ணும் இல்லை மச்சான். உள்ளே போய்ப் புரியுற இடத்துலதான் கோளாறு” என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மாண்டலினைப் பெட்டிக்குள் வைத்தது அந்த வாரம்தான். பிறகு வாசலில் மணி அடித்தால் என்னைப் பார்ப்பார். “அடிச்சுதா?” அடித்திருக்கும். சில நாள் அடித்தது என்பேன். சில நாள் இல்லை என்பேன். குக்கர் சத்தம், போன் சத்தம், மழைச் சத்தம், எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டார். வானத்தில் இடி இடித்தால்கூட என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் நம்புவார். இப்படிச் சொன்னால் அவரே சிரித்திருப்பார். எனக்கு ஒரு குறையும் இல்லை. காலை முதல் இரவு வரை என் பக்கத்திலேயே இருந்தார். வாசிப்பு மட்டும்தான் இல்லை. வாசிப்பு இல்லாமல் அவரை எதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன் என்று ஒரு நாள் யோசித்தேன்.

போன திங்கட்கிழமை மகள் மறுபடி பேசினாள். “அப்பா இப்படி ஆயிட்டாரு, இனிமே உங்க தலையில கட்டுறது நியாயமில்லை மாமா. வியாழக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றாள். அவரைப் போக விடாமல் இருக்க நான் செய்ததெல்லாம் சேர்ந்து அவரைக் கிளப்பிவிட்டது. நல்ல பிள்ளை அவள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல நடக்கப் போனோம். அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தண்டவாளத்தைக் கடக்கிற மண் பாதை, கேட் கிடையாது. வண்டி வளைவு திரும்பி வருவதால் கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சான் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தார். “பொண்ணு வீட்டுல பால்கனி பெருசாம், நீங்களும் வந்து ஒரு மாசம் இருக்கணும் மாப்பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கற்குவியல் பக்கத்தில் நின்றார்.

“வண்டி ஊதுற மாதிரி இருக்கே?”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே மச்சான்.”

அவர் சிரித்தார். “அதானே. என் காதை எவன் நம்புவான்” என்று தலையை ஆட்டிக்கொண்டே காலெடுத்து வைத்தார். நான் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

நான் தொடவில்லை, தள்ளவில்லை. அதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வண்டி ஊதியது எனக்குக் கேட்டது. இரண்டு தடவை ஊதியது. முதல் தடவை அவர் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஐயா. தன் சொந்தக் காதில் விழுந்ததைக்கூட ஒதுக்கிவிட்டு அவர் என் வார்த்தையை நம்பி நடந்தார். அப்படி ஓர் உறவு யாருக்கு அமைகிறது? கடைசிவரை எங்களுக்குள் ஒரு மனக்கசப்பு வந்ததில்லை.