மெயில்ல மாட்டிகிச்சின்னு சொன்னாங்களா

மெயில்ல மாட்டிகிச்சின்னு சொன்னாங்களா? டீக்கடையில விசாரிச்சா அப்படித்தான் சார் சொல்லுவாங்க. உக்காருங்க. சங்கத்து ஆபீஸ் இந்தக் கடைக்கு மேல மாடியிலதான், ஆனா சாப்பாட்டு நேரம், பூட்டிக் கெடக்குது. மூணு மணிக்கு முன்னாடி ஒரு முதலாளியும் வரமாட்டாரு. வந்தாலும் தீபாவை ஏன் வேலையை விட்டு எடுத்தாங்கன்னு உங்ககிட்ட வாயைத் தொறக்க மாட்டாங்க.

நானா? தென்னரசுங்க. சந்தவாசல் பக்கம். அந்தச் சங்கத்துலதான் வேலை, சேர்ந்து ஒரு மாசம் ஆவுது. நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா? போளூர்லேர்ந்து இதுக்குன்னே பஸ் ஏறி வந்தீங்களா. சரிங்க, பொண்ணு வேலை பார்த்த எடத்துல விசாரிக்கிறது எல்லாரும் பண்றதுதான். தப்பு சொல்லல.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். இது நடந்தப்ப நான் இங்க இல்ல. ஆபீஸ் பெருக்குற கலைமகள் அக்கா சொல்லிக் கேட்டதுதான். அவங்க அன்னிக்கு மீட்டிங்ல டீ குடுத்துகினு இருந்தாங்க. கூடக் கொறைய இருந்தா என்னைக் கோச்சுக்காதீங்க.

ஐயோ, பையன்லாம் யாரும் இல்ல சார். லவ்வும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேளுங்க.

பட்டு முதலாளிங்க நாப்பது பேரு சேர்ந்து வெச்ச சங்கம் இது. அவங்களுக்குன்னு ஒரு மெயில் லிஸ்ட் இருக்குது. ஒரு விலாசத்துக்குப் போட்டா நாப்பது பேருக்கும் போயிடும். தறி நெய்றவங்களுக்கு ஆன்லைன்ல தனியா ஒரு குழு. அது அவங்க வீட்டுப் பிள்ளைங்களே ஆரம்பிச்சது. பாவுல இழை அறுந்துகினே இருக்குது, ஜரிகை கறுத்துடுச்சி, இந்த மாதிரி ஒருத்தர் கேள்வி போடுவாரு, தெரிஞ்சவரு பதில் போடுவாரு. இருநூறு பேரு இருக்காங்க அதுல.

அங்க இன்னா பேசிக்கிறாங்கன்னு முதலாளிங்களுக்குத் தெரிஞ்சாவணும். ஆனா குழுவுல போயி சேர மாட்டாங்க. சேர்ந்தா தறிக்காரன் பேருக்குப் பக்கத்துல அவங்க பேரும் வரிசையில நிக்குமாம். கௌரவம் பாருங்க. அதனால சங்கத்துத் தலைவரு தணிகாசலம், கம்ப்யூட்டர் பார்த்துகினு இருந்த தீபாவைக் கூப்பிட்டு, அவங்க பேசுறதெல்லாம் நம்ம மெயிலுக்கு வரணும், நம்ம பேசுறது அங்க போவக்கூடாது, அப்படி ரெண்டையும் இணைச்சுக் குடும்மான்னாரு. ஒட்டுக் கேக்கறதுக்கு எவ்ளோ மரியாதையா பேரு வெக்கிறாங்க பாருங்க, இணைப்பாம். தீபா சும்மா செய்யல. இனிமே நீங்க எழுதுறதை முதலாளிங்களும் படிப்பாங்கன்னு குழுவுல சொல்லிட்டுத்தான் இணைச்சிருக்குது. பொண்ணு எப்படின்னு கேட்டீங்களே, இதை உங்க வீட்ல போயி சொல்லுங்க.

இந்த முதலாளிங்களுக்குப் புது மெயில் எழுத வராது சார். கடைசியா எது வந்து கெடக்குதோ அதைத் தொறப்பாங்க, கீழ பதில்னு இருக்கறதைத் தட்டுவாங்க, போனை வாய்கிட்ட வெச்சுகினு பேசுவாங்க. போன் எழுதிக்கும். நூலு நனைஞ்சு போச்சுன்னு வந்த மெயிலுக்குக் கீழ பேத்தி காதுகுத்துக்கு அழைப்பு இருக்கும். இவங்கதான் தறிக்காரனுக்கு இன்னா தெரியும்னு கேக்கறவங்க.

தீபாவளி முடிஞ்சு நாலாம் நாளு. பழனின்னு ஒரு தறிக்காரரு, பச்சை நூல்ல சாயம் எறங்குது, இன்னா பண்றதுன்னு குழுவுல கேட்டிருக்காரு. அது முதலாளிங்க மெயிலுக்கும் வந்துது. நம்ம தலைவரு அதைத் தொறந்து, பதிலைத் தட்டி, சங்கத்து ஆண்டு விழாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு. தறிக்காரங்களை மேல ஹாலுக்கு ஏத்தாதீங்க, கீழ ஷெட்லயே எலை போட்டு ஜல்தியா அனுப்பிடுங்க, நம்ம வீட்டுப் பொம்பளைங்க வர்றாங்க, அந்த வேர்வை நாத்தம் தாங்காதுன்னு. அவ்ளோதான். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சரி, சரி, ஓகேன்னு போட்டிருக்காங்க. செயலாளர் சம்பந்தம் இருக்காரே, எலை எதுக்கு, பேப்பர் தட்டு போதும்னாரு. மொத்தம் இருபத்தேழு பதில். அத்தனையும் பழனி கேட்ட கேள்விக்குக் கீழயே, இருநூறு தறிக்காரங்க போன்லயும் வந்து விழுந்துது. பச்சை நூலுக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லல.

சண்டையா? ஒரு சத்தம் இல்ல சார். விழா அன்னிக்கு ஒரு தறிக்காரரும் வரல. அவ்ளோ சோறு, அவ்ளோ பாயசம், அண்டா அண்டாவா நின்னுது. தலைவரு மேல ஹால்ல வேர்வை நாத்தமே இல்லாம ஒரு மணி நேரம் பேசினாராம்.

மறுநாள்தான் மீட்டிங். தீபா எழுந்து நின்னு, நான் ஒரு பக்கமாத்தான் இணைச்சேன், எப்படி மாறுச்சின்னு பார்த்துச் சொல்றேன்னு கேட்டிருக்குது. கம்ப்யூட்டரைத் தொட விடல. இவ அம்மாவும் தறிதானே, வேணும்னே பண்ணியிருப்பான்னு ஒருத்தரு. பாஸ்வேர்டை எழுதி வெச்சிட்டுக் கெளம்புன்னு இன்னொருத்தரு. நாம பேசினதே தப்பாச்சேன்னு நாப்பது பேர்ல ஒருத்தரும் சொல்லல. இன்னா மெயிலுன்னு வெளிய சொல்ல முடியுமா அவங்களால? மெயில்ல மாட்டிகிச்சின்னு மட்டும் சொன்னாங்க. ஆரணியைத் தாண்டி போளூர் வந்து சேர்றதுக்குள்ள அதுல ஒரு பையனும் ஏறிட்டான்.

தீபாவோட கவனக்குறைவா? கேளுங்க சார், பொண்ணு எடுக்கறவங்க கேக்கத்தான் வேணும். அதுக்குப் பதில் கலைமகள் அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இருங்க, டீக்கு நான் குடுக்கறேன்.

தீபா உக்கார்ந்த நாற்காலியிலதான் சார் இப்ப நான் உக்கார்றேன். அந்த வேலைதான் எனக்குக் குடுத்தாங்க. எங்க வீட்ல டிகிரி முடிச்ச மொத ஆளு நான். எங்கப்பா வேலை கெடைச்சிடுச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அதனால பார்த்ததைப் பதினோரு நாளா வாய்க்குள்ளயே வெச்சுகினு இருந்தேன். முதலாளிங்களை இவ்ளோ நேரம் பேசினேனே, நான் இன்னா பெரிய யோக்கியம். நீங்க வரலன்னா சொல்லியிருப்பேனான்னு தெரியல. யாரு சொன்னாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. தென்னரசு, சந்தவாசல்.

இணைப்பை யாரு எப்ப மாத்தினாலும் அதுலயே பதிவாயிடும். நான் ரெண்டு தடவ பார்த்தேன். தீபாவளி அன்னிக்கு தீபா உள்ள நுழைஞ்ச பதிவே இல்ல. காலைல ஆறு பன்னெண்டுக்கு, இது குழுவுக்குப் போவாது, போவணுமான்னு கம்ப்யூட்டரே கேட்டிருக்குது. ஆமான்னு தட்டினது தணிகாசலம் ஐடி, அதோட வழி ரெண்டு பக்கமும் தொறந்துடுச்சி. அதே நிமிஷத்துல, பட்டுத் துண்டு போட்டு நிக்கிற அவரு போட்டோவோட ஒரு தீபாவளி வாழ்த்து இருநூறு தறிக்காரங்களுக்கும் போயிருக்குது.