உள்பக்கம் பிடி இல்லாத கதவு

மெழுகுவத்தியைக் கொஞ்சம் நடுவில் நகர்த்துங்கள். கரண்ட் வர எப்படியும் பத்து மணியாகும்... அதுவரை இதைக் கேளுங்கள். நம் எஃப்ரெய்னின் மாமியார் நார்சிசாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவனையே கேட்கலாம். ஆனால் அவன் இப்போது இருட்டிவிட்டால் வெளியே வருவதில்லை.

வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறேகால். ஆளரவமே இல்லாத ஒரு பாதை... ஊருக்கு வெளியே இல்லை, ஒரு கட்டடத்துக்குள்ளே.

ஆற்றங்கரையில் இருக்கிற புது கிரிமினல் கோர்ட்டுதான். பழைய கோர்ட்டில் ஒரே ஒரு மரப்படிக்கட்டு. ஜட்ஜும் திருடனும் சாட்சியும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அதில்தான் ஏறுவார்கள். விடுதலையானவன் அதே படியில் இறங்குவான். வாசலில் பெற்றவள் அவன் மாற்றிப் போட வெள்ளைச் சட்டையோடு நிற்பாள். ஜெயில் சட்டையைப் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கணும். அதுதானே நம் வழக்கம்?

அதை இடித்துவிட்டுக் கண்ணாடி மாளிகை கட்டினார்கள். தலைநகரத்து இன்ஜினியர் வந்து ஜட்ஜுக்கு ஒன்று, ஜனங்களுக்கு ஒன்று, கைதிக்கு ஒன்று என்று மூன்று பாதை வைத்தார். விசாரணை அறையைத் தவிர எங்கேயும் அவை ஒன்றோடொன்று சேராது. கைதிப் பாதைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கம் பிடி கிடையாது. வெளியே நிற்கிறவன் திறந்தால்தான் உண்டு. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த மகராசன், விடுதலையானவனுக்கு ஒரு வழி வைக்க மறந்துவிட்டார்!

அதனால் நிரபராதி என்று தீர்ப்பானாலும் வந்த லிஃப்டிலேயே இறங்கி ஜெயிலுக்குத்தான் போகணும். விடுதலைச் சீட்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் விடுவார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணி தாண்டினால் அங்கே சீட்டு வாங்க மாட்டார்கள். அப்புறம் திங்கட்கிழமைதான்.

சீட்டில் முத்திரை குத்தி அனுப்புகிற வேலை நார்சிசாவுடையது.

யோஃப்ரே என்று ஒரு பையன். இறால் பண்ணையில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விடுதலையானான். அன்றைக்குத்தான் நார்சிசாவின் பேத்திக்குப் பதினைந்தாம் பிறந்த நாள் விருந்து. அவள் கேக் வாங்கப் போகணும். "ரெண்டு நாள்ல பையன் என்ன தேஞ்சா போயிடுவான்?" என்று சீட்டை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயிலில் கலவரம். பையன் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தான்... முகம் கீழே.

அதற்குப் பிறகு அவன் அம்மா எர்மெலிண்டா தினமும் கோர்ட்டு முன்கூடத்துப் பெஞ்சில் வந்து உட்காருவாள். மடியில் மடித்து வைத்த வெள்ளைச் சட்டை. நார்சிசாவைப் பார்த்தால் ஒரே கேள்விதான்.

"சீட்டு அன்னைக்கே போச்சாம்மா?"

"அன்னைக்கே போயிடுச்சு தாயி. ஜெயில்காரனுங்கதான் விடல."

கண் இமைக்காமல் சொல்வாள். உண்மை வெளியே வந்தால் வேலை போய்விடும், எட்டு மாதத்தில் வரவேண்டிய பென்ஷனும் போய்விடும். பாவி, சீட்டைக் கிழிக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில், நான் முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, வீட்டு அடுப்பில் எரித்துவிடலாம் என்று அதைக் கைப்பையில் எடுத்து வைத்தாள்.

கிளம்பும்போது கரண்ட் போனது. பொதுப் படிக்கட்டின் மின்கதவுகள் இறுகிக்கொண்டன. காவலாளி வால்பெர்தோ டார்ச்சோடு வந்தான்.

"நார்சிசாம்மா, கைதிப் பாதையில இறங்குங்க. நான் வெளிப்பக்க இரும்பேணியில எறங்கி, சுத்திப் போயி கீழ்க்கதவத் தொறக்குறேன். என்ன, உங்களயும் உள்ள போட்டுடுவேன்னு பயமா?"

"போடா, உன் வாய்க்கு மொதல்ல பூட்டுப் போடணும்!"

சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது... டக்.

இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சுவர். பிளீச்சிங் பவுடர் வாடை. அதற்கடியில் தொட்டிப் பாசியின் வாடை. படியிறங்கிக் கீழ்க்கதவுக்கு வந்து நின்றாள். அது இன்னும் திறக்கவில்லை.

அப்போது லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை... ஆனால் லிஃப்ட் ஓடுகிறது. நின்றது. திறந்தது.

சளக்... சளக்... ஈரக்கால். வெறுங்கால். அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. கையில் பிடித்த பைக்குள் சீட்டு இருக்கிறது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

மெதுவாக, மரியாதையாக ஒரு குரல்.

"மேடம்... என் சீட்டு போயிடுச்சா?"

பழகிய வாய் சும்மா இருக்குமா?

"அன்னைக்கே... அன்னைக்கே போயிடுச்சுப்பா..."

தண்ணீர் சொட்டியது.

"அப்போ நான் போகலாம்ல, மேடம்."

அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. உறைந்துபோகிற குளிர். கதவு திறந்தது... அவள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

சுற்றிவந்து திறக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை என்கிறான் வால்பெர்தோ. நார்சிசாவோ, வெள்ளியிலிருந்து திங்கள் வரைக்கும் கதவைத் தட்டியதாகச் சொல்கிறாள். அவள் நகங்களைப் பார்த்தவர்கள் அவளைத்தான் நம்புகிறார்கள்.

முன்கூடத்துப் பெஞ்ச் காலி. எர்மெலிண்டா அதற்குப் பிறகு வரவே இல்லை. வாசல் படியில் ஒரு ஜெயில் சட்டை கிடந்தது, சொட்டச் சொட்ட நனைந்து.

நார்சிசா இப்போது மகள் வீட்டில், அறையை விட்டு வெளியே வருவதில்லை. கதவை யாரும் பூட்டவில்லை. ஆனாலும் யார் போனாலும் ஒரே கேள்விதான்: "சீட்டு கொண்டாந்தியா?" கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லையாம். எல்லாரும் அது பிரமை என்றுதான் நினைத்தோம்.

போன வெள்ளிக்கிழமை எஃப்ரெய்ன் அவளுக்கு மீன் சூப்பு கொண்டுபோனான். அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி வைத்தவன் அவனேதான். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தான்... பிடி இல்லை. திருகாணித் தடம்கூட இல்லை. வழவழவென்று வெறும் மரம்.

நல்லவேளை, இரண்டு கையிலும் கிண்ணம் இருந்ததால், கதவு சாத்திக்கொள்ளாமல் காலால் முட்டுக் கொடுத்திருந்தானாம்.