இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே நின்ற அம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் புதிய ஃபாதர் அவர்களே, முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற ஃபாதர் அவர்களே, பங்குக் குழுப் பெரியவர்களே, வேலை உடுப்போடு நேராக இங்கே வந்து பின்சுவரோரம் நிற்கும் பட்டறைத் தோழர்களே, தோழியரே! உட்காருங்கள். நாற்காலிகள் இருக்கின்றன. எண்ணெய்க் கறை பட்டுவிடும் என்று யாராவது முகம் சுளித்தால் என்னிடம் சொல்லுங்கள். உங்களோடு நின்று வேலை செய்த ஒருவருக்காகத்தான் இந்த இரங்கல் கூட்டம்.

ஃபாதர்கள் மணம் முடிக்கும் இந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில், ஓய்வுபெற்ற ஃபாதரின் மனைவியான அவரை நாங்கள் 'ஃபாதர் வீட்டம்மா' என்போம். பட்டறையில் அவர் 'லேத் அக்கா'. இரண்டு இடத்திலும் அவரை அறிந்தவன் நான் ஒருவன்தான். இங்கே பங்குக் குழுச் செயலாளர், அங்கே லேத் என்னும் கடைசல் மெஷின் பிரிவின் சூப்பர்வைசர். அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். அதனால்தான் எனக்கு இங்கே நிற்கக் கூசுகிறது.

அவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பக்கவாதம் வந்த ஒருவரின் சக்கர நாற்காலி அச்சு முறிந்தபோது, கடையில் அந்த அளவு கிடைக்காது என்று கைவிரித்தார்கள். அம்மா அளவெடுத்துப் போய், மறுநாள் புதிய அச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். துணையில்லாத எத்தனை பெண்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் துணையிருந்தார்! பட்டறையில் ஏழு பெண்களுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏழு பேரும் அதோ நிற்கிறார்கள். ஃபாதர் குருப்பட்டம் பெறுவதற்கு நான்கு வருடம் முன்பிருந்தே அவர் அந்த மெஷினில் நின்றவர். "பட்டம் வாங்கினது அவரு. நான் அதே ஆளுதான்" என்று சிரிப்பார்.

ஆனால் நாம் அவரை அதே ஆளாக இருக்க விட்டோமா?

ஃபாதரின் மனைவி என்றால் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடை, தலையில் துணி, பூசாத முகம். ஃபாதர் என்றால் கறுப்பு அங்கி, கத்தரி படாத தாடி. இது நம் வழக்கம். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த அம்மாவும் சொன்னதில்லை. ஆலயத்துக்குள் அவரைத் தலையில் துணியில்லாமல் பார்த்தவர் உண்டா? ஒருவர் கையைத் தூக்குங்கள்!

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பங்குக் குழு ஒரு மனு எழுதியது. முதல் பத்தி ஃபாதரின் தாடியைப் பற்றி. அவர் ஓரத்தைக் கத்தரித்துவிட்டாராம். இரண்டாம் பத்தி அம்மாவைப் பற்றி. பேன்ட் போட்டு, தலையை மூடாமல், ஆண்கள் நடுவே நிற்கிறாராம். 'வேலையிடம் உட்பட எல்லாப் பொது இடங்களிலும்' அவர் பாவாடையும் தலைத்துணியுமாக இருக்க வேண்டும் என்று கேட்டது மனு. அந்த ஐந்து வார்த்தைகளைச் சேர்த்தவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையது.

பட்டறைத் தோழர்களுக்கு இது புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு சுழலும் பாகத்துக்கு சக் என்று பெயர். மனுவுக்கு முந்தின வருடம் ஒருவரின் தொளதொள சட்டைக் கை அதில் சிக்கியது. சுவிட்சை அணைக்க ஓடியவன் நான். இரண்டு விரல்கள் போய்விட்டன. மறுநாளே நான் ஒரு பலகை மாட்டினேன்: தொங்கும் துணி கூடாது, தலைத்துணி கூடாது, பாவாடை கூடாது. அதன் அடியிலும் என் கையெழுத்துதான்.

மனசாட்சி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். திங்கள் முதல் சனி வரை ஒரு மனிதன், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மனிதன். இருவரும் ஒரே சட்டைக்குள் இருந்தோம், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை அம்மா பட்டறைக்கு வந்தார். கணுக்கால் வரை பாவாடை. தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட தலைத்துணி. கையில் மனுவின் நகல். நேராக என் மேசைக்கு வந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நான் இப்ப யார்கிட்ட பேசறேன்? செயலாளர் ஐயாகிட்டயா, சூப்பர்வைசர் சார்கிட்டயா?"

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. எதைக் கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க. சொன்னதும் போய் மெஷின்ல நிக்கறேன்."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பலகையைப் பாருங்கம்மா" என்று சொல்லியிருந்தால் போதும்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நாள் ஸ்டோர்ல இருங்க. பாத்துக்கலாம்."

அவர் மனுவை நாலாக மடித்தார். "சரி சார்" என்றார். பட்டறையின் மிகச் சிறந்த கை மூன்று வாரம் ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் எண்ணியது.

நான்காம் வாரம் மனுவின் மேல் விசாரணை. இதே கட்டடத்தின் மாடியறை. பேராயர் அனுப்பிய பிரதிநிதி மேசைக்குப் பின்னால் இருந்தார். மனுவை வாசித்துவிட்டு, "என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"மெஷின் முன்னாடி துணி தொங்கினா உசிரு போயிடும். அங்க இப்படித்தான் உடுத்தணும்னு விதி இருக்கு. விதி போட்டவரு இந்த ரூம்லயேதான் இருக்காரு" என்றார் அம்மா.

"யாரு?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிரதிநிதி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் சொன்னார்: "அவரே எந்திரிக்கட்டும். நாங்க கைகாட்ட மாட்டோம்."

நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் குழுக்காரர்கள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா, தெரியாது. பிரதிநிதி கோப்பை மூடினார். முடிவு வரும்வரை ஃபாதர் வழிபாடு நடத்தக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வெளியிலிருந்து ஒருவர் வந்து நடத்தினார். நம் ஃபாதர் ஆண்களோடு ஆண்களாக நின்றார். அம்மா பெண்கள் பக்கம், கடைசி வரிசையில். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

இரண்டாம் ஞாயிறுக்கு மறுநாள் நான் லீவு போட்டுவிட்டுப் பேராயரின் அலுவலகத்துக்குப் போனேன். பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். மனுவையும் பலகையையும் பேராயர் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்கதானா?"

"நான்தான்."

"விசாரணை அன்னிக்கி எங்க இருந்தீங்க?"

"அந்த ரூம்லதான் இருந்தேன்."

அவர் பேனாவை எடுத்தார். தடையை நீக்கி எழுதினார். ஆலயத்தில் ஆலயத்தின் வழக்கம், மெஷினில் மெஷினின் விதி. ஃபாதரின் தாடியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. "அதை வளர விடுங்க. அதுவா வளரும்" என்றார்.

மறுநாள் அம்மா பேன்ட் போட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லேத் முன்னால் நின்றார். என்னிடம் என்ன சொன்னார்? "அந்தப் பெரிய ராடு வந்துச்சா சார்?" அவ்வளவுதான்!

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். நான் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன மாதம் அவருடைய இதயம் நின்றது. இப்போது கேட்டால் பதில் சொல்ல அவர் இல்லை. முன்வரிசையில் இருக்கும் ஃபாதர், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். கேட்டேன் என்பது இந்தச் சபைக்குத் தெரிந்தால் போதும்.

இத்துடன் முடித்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. முடிக்க முடியவில்லை. மன்னியுங்கள்.

நான்கு நாளைக்கு முன்னால் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு புதிய மனு. மேடையிலிருக்கும் இந்த ஃபாதரின் தாடி குட்டையாம். அவருடைய மனைவி தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாராம். "நீங்க முதல்ல போட்டீங்கன்னா மத்தவங்க தானா போட்டுருவாங்க" என்றார்கள். அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகவில்லை! அந்த மூவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். நான் கைகாட்ட மாட்டேன். இரங்கல் கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். சொல்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். விசாரணை வந்தால் யாரும் கேட்பதற்கு முன்னால் எழுந்து நிற்பேன். நான் செயலாளராக இருக்கும்வரை, ஒரு பெண்ணின் உடுப்பைப் பற்றிய எந்தக் காகிதமும் அந்தப் பெண்ணிடம் பேசாமல் குழுவின் மேசைக்கு வராது. நம்மை விட்டுப் பிரிந்த அம்மாவின் பெயரால் இதை உறுதி சொல்கிறேன்.

மூன்றாம் வரிசையில் புதிய ஃபாதரின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். வந்து ஐந்து மாதமாகிறது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. அவர் முடியின் நீளம் மட்டும் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் தட்டி, "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்கப் போகிறேன். அந்த மூவரும் என்னோடு வரலாம். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது ஆலய வாசலில் நிற்பேன். யாரும் வராவிட்டால் தனியாகப் போவேன்.